ஈரம் புகாத தையல், புகையாத விளக்கு: உறைபனியில் இனுயிட் முன்னோர் வாழ்ந்த விதம்

கேள்வி இதுதான்: மரமே முளைக்காத, குளிர்காலத்தில் மைனஸ் 40 டிகிரி வரை இறங்கும் ஆர்க்டிக் என்ற வடதுருவப் பகுதியில் இனுயிட் மக்களின் முன்னோர் எப்படித் தாக்குப்பிடித்தார்கள்? பல தலைமுறை வாழ்ந்ததில் உடம்பே குளிருக்குப் பழகிவிட்டதா? பின்பாதிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பழகியது உண்மை, ஆனால் கொஞ்சம்தான்.

கை கால்கள் சற்றுக் குட்டை, உடம்பு திரட்சி. வெப்பம் வெளியேறும் பரப்பு அந்த அளவுக்குக் குறைவு. சும்மா இருக்கும்போதே உடம்பு எரிக்கும் ஆற்றல் மற்றவர்களைவிடக் கூடுதல். விரல்கள் குளிரும்போது ரத்த ஓட்டம் சீக்கிரமே திரும்பி வந்து அவற்றைச் சூடாக்கும். 2015-இல் கிரீன்லாந்து இனுயிட் மக்களிடம் நடந்த மரபணு ஆய்வில், கொழுப்பு அமிலங்களைக் கையாளும் மரபணுக்களில் ஒரு மாற்றம் அவர்களிடம் மிகப் பரவலாக இருப்பது தெரிந்தது. சீல், திமிங்கலம், மீன் ஆகியவற்றின் கொழுப்பையே முக்கிய உணவாக வைத்து வாழ்ந்தவர்களுக்கு ஏற்ற மாற்றம் அது. இத்தனையும் இருந்தாலும் அந்த உடம்பைச் சரியான உடை இல்லாமல் பனிக்காற்றில் நிறுத்தினால் ஓர் இரவு தாங்காது. அவர்களைக் காப்பாற்றியது ஊசி, விளக்கு, ஈட்டி மூன்றும்தான். அதிலும் ஊசிக்குத்தான் முதலிடம் கொடுப்பேன்.

முன்னோர் என்று யாரைச் சொல்கிறோம் என்பதையும் தெளிவாக்கிக்கொள்வோம். இதில் பலரும் குழம்புகிறார்கள். ஆர்க்டிக்குக்கு மனிதர்கள் குறைந்தது இரண்டு அலைகளாக வந்தார்கள். முதல் அலை ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன் சைபீரியாவிலிருந்து பெரிங் நீரிணை கடந்து வந்து, பிறகு கனடா வழியாக கிரீன்லாந்து வரை பரவியது. மேற்கு கிரீன்லாந்தின் சக்காக் மக்களும், அவர்களுக்கு வெகுகாலம் பின்னால் வந்த டோர்செட் மக்களும் அந்த வழியினர். கிரீன்லாந்து உறைநிலத்தில் கிடைத்த, சுமார் 4,000 ஆண்டு பழமையான ஒரு சக்காக் மனிதனின் தலைமுடியிலிருந்து 2010-இல் முழு மரபணு வரைபடமே எடுத்தார்கள். இன்றைய இனுயிட்டுகள் அவர்களுடைய நேர் வாரிசுகள் இல்லை. 2014-இல் வெளிவந்த விரிவான ஆய்வு இதை உறுதிசெய்தது. இன்றைய இனுயிட்டுகளின் நேரடி முன்னோர் துலே மக்கள். சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முன் அலாஸ்காவின் வடக்குக் கரையில் உருவாகி, 13-ஆம் நூற்றாண்டு வாக்கில் மிக வேகமாகக் கிழக்கே பரவி கிரீன்லாந்தை எட்டியவர்கள். கனடாவின் நௌஜான் என்ற இடத்தில் 1922-இல் டென்மார்க் தொல்லியலாளர் தெர்கெல் மதியாசென் நடத்திய அகழாய்வுதான் இவர்களை உலகுக்கு அடையாளம் காட்டியது. கீழே நான் சொல்வதில் பெரும்பகுதி துலே மக்களையும் அவர்கள் வழிவந்தவர்களையும் பற்றியது.

இனி உடை. அந்தக் குளிரில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் ஈரம்தான். வியர்வையில் நனைந்த உடை, நடை நின்றதும் உறையத் தொடங்கும். உறைந்த உடைக்குள் இருக்கும் ஆள் சிறிது நேரத்தில் விறைத்துப்போவார். அவர்களுடைய உடையின் ஒவ்வொரு அம்சமும் ஈரத்தை உண்டாக்காமல், உண்டானால் தேங்கவிடாமல் பார்த்துக்கொள்வதற்காகவே அமைந்தது.

குளிர்கால உடைக்குக் கரிபூ என்ற காட்டுக் கலைமானின் தோல்தான் சிறந்தது. அதன் முடிக்குள் காற்று அடைபட்டிருக்கும்; கனம் குறைவு, கதகதப்பு அதிகம். ஆனால் எந்த மாதத்துத் தோலும் உதவாது. கோடையின் தொடக்கத்தில் அடித்த மானின் தோலில் ஒருவகை ஈயின் புழுக்கள் துளைத்த ஓட்டைகள் இருக்கும். நடுக்குளிர்காலத் தோலில் முடி மிக நீளம், உடைக்குக் கனத்துப்போகும். அது படுக்கைக்கு ஆகும். கோடை முடிந்து முடி புதிதாக முளைத்து அடர்த்தியாகும் ஆகஸ்ட், செப்டம்பர் வாரங்களில் கிடைக்கும் தோல்தான் உடைக்கு. அந்தச் சில வாரங்களில் வேட்டை தவறினால் அந்தக் குடும்பத்துக்கு வரும் குளிர்காலமே ஆபத்து. வளர்ந்த ஓர் ஆளுக்கு முழு உடை தைக்க ஆறேழு தோல்கள் வேண்டும். குடும்பத்துக்கு எத்தனை வேண்டும் என்று கணக்குப் போட்டால் அந்த வேட்டையின் அவசரம் விளங்கும்.

உடை இரண்டு அடுக்கு. உள்ளாடையில் முடி உடம்பைப் பார்த்து இருக்கும், மேலாடையில் முடி வெளியே பார்த்து இருக்கும். இரண்டுக்கும் நடுவே காற்று. முன்பக்கம் திறப்பு கிடையாது, தலைவழியாகப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். தளர்வான வெட்டு, தலைமூடி உடையோடு சேர்ந்தது. சூடான காற்று மேலேதான் போகும் என்பதால், ஓடும்போதோ சறுக்குவண்டியைத் தள்ளும்போதோ தலைமூடியைப் பின்னுக்குத் தள்ளி கழுத்தைத் தளர்த்தினால் போதும், வெப்பமும் வியர்வை ஆவியும் வெளியேறிவிடும். நின்றதும் மூடிக்கொண்டால் உள்ளே மறுபடி கதகதப்பு. தலைமூடியின் விளிம்பில் உல்வரின் என்ற ஊனுண்ணி விலங்கின் முடி வைத்துத் தைப்பார்கள். மூச்சுக்காற்று அதில் உறைந்தாலும் கையால் தட்டினால் உதிர்ந்துவிடும். வேறு முடிகளில் பனி ஒட்டிக்கொண்டு முகத்தைப் புண்ணாக்கும்.

வீட்டுக்குள் நுழையும் முன் மேலாடையைக் கழற்றி, தட்டையான ஒரு குச்சியால் அடித்துப் பனித்தூளை உதிர்த்துவிடுவார்கள். மேலாடையைச் சூடான உள்ளறைக்குக் கொண்டுபோவதில்லை, குளிர்ந்த நுழைவழியிலேயே வைத்துவிடுவார்கள். உள்ளே கொண்டுபோனால் மிச்சப் பனி உருகி முடியில் இறங்கும், மறுநாள் காலை அது பனிக்கட்டிச் சட்டை. பிற்காலத்தில் வந்த ஐரோப்பியப் பயணிகளின் கம்பளி உடைகளில் வியர்வை உறைந்து நாளுக்கு நாள் கனம் ஏறியதற்கும், இவர்களுடைய உடை உலர்ந்தே இருந்ததற்கும் இந்தப் பழக்கங்களே காரணம்.

தோல் பதப்படுத்த மரப்பட்டை கிடையாது. காயவைத்த தோலை மழுங்கிய சுரண்டியால் முதலில் தேய்ப்பார்கள். பிறகு லேசாக ஈரப்படுத்திச் சுருட்டிவைத்து, கூரான கற்சுரண்டியால் சவ்வு முழுவதும் போகும்வரை சுரண்டுவார்கள். சவ்வு மிச்சமிருந்தால் தோல் விறைக்கும். விறைத்த தோல் மடிப்பில் வெடிக்கும், ஈரத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும்.

காலணிக்குக் கரிபூ சரிப்படாது, நனைந்தால் முடி கொட்டும். அதற்கு சீல் தோல். அடிப்பகுதிக்குத் தாடிச் சீல் என்ற பெரிய வகையின் தடித்த தோல், மேற்பகுதிக்கு மெல்லிய தோல், உள்ளே முடி உட்பக்கமாக வைத்த தோலுறை, பாதத்துக்கடியில் உலர்ந்த புல். புல்லை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், பாதத்தின் ஈரம் முழுவதும் அதில்தான் இறங்கும். இரவில் காய்ந்து விறைத்த காலணியைக் காலையில் பெண்கள் பல்லால் மென்று மிருதுவாக்குவார்கள். தொல்லியலாளர்கள் கண்டெடுத்த பெண்களின் எலும்புக்கூடுகளில் முன்பற்கள் தேய்ந்து போயிருப்பதற்கு இந்த வேலை ஒரு முக்கியக் காரணம்.

அந்தத் தையலைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். நூல், கரிபூவின் முதுகெலும்பை ஒட்டி ஓடும் தசைநார். அதைக் காயவைத்து, இழை இழையாகக் கிழித்து, வாயில் ஈரமாக்கி முறுக்குவார்கள். ஊசி பறவையின் இறக்கை எலும்பிலோ, வால்ரஸ் என்ற கடல்விலங்கின் தந்தத்திலோ தீட்டியது. விரலில் தோலால் ஆன அங்குத்தான். காலணியோ படகுத் தோலோ தைக்கும்போது இரண்டு தோல்களின் ஓரங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஊசியைத் தோலின் பாதிக் கனம் வரை மட்டும் இறக்கி, மறுபக்கம் எட்டாமலே வெளியே எடுப்பார்கள். பிறகு திருப்பிப்போட்டு அடுத்த ஓரத்தையும் அதேபோல் மூடித் தைப்பார்கள். இப்படி இரண்டு வரிசைத் தையல் விழுந்தும் தோலைத் துளைத்துக்கொண்டு போகும் ஓட்டை ஒன்றுகூட இருக்காது. நனைந்ததும் தசைநார் உப்பி ஊசி போன தடத்தையும் அடைத்துவிடும். ஊசி அரை மில்லிமீட்டர் ஆழம் கூடினால் அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் வரும். கயாக் என்ற ஒடுக்கமான தோல்படகில் ஒரு தையல் பிசகினால் உறையும் கடலில் ஆள் மூழ்கிப்போவார். இந்த அளவுக்குத் துல்லியமான தையல் இல்லாமல் மேலே சொன்ன எதுவும் நடக்காது. இனுயிட் வரலாறு என்றால் வேட்டைக்காரனைப் பற்றியே எழுதும் வழக்கம் எனக்கு ஒப்பவில்லை. அவன் கால்கள் அழுகாமல் வீடு திரும்பியது ஒரு பெண்ணின் கைத்திறனால்.

இந்த உடைகளை நேரிலேயே பார்க்க நமக்கு ஒரு வாய்ப்பு கிடைத்தது. மேற்கு கிரீன்லாந்தில் உம்மன்னாக் பக்கத்தில் கிலாகித்சோக் என்ற இடத்தில், 1972-இல் பறவை வேட்டைக்குப் போன இரண்டு சகோதரர்கள் பாறையிடுக்கில் கல் அடுக்கிய கல்லறைகளைக் கண்டார்கள். உள்ளே ஆறு பெண்கள், இரண்டு குழந்தைகள். காலம் சுமார் கி.பி. 1475. வறண்ட குளிரில் உடல்கள் தாமாகவே பதப்பட்டிருந்தன. அவர்களோடு கிடைத்த உடைகள் 78. சீல், கரிபூ தோல்களோடு பறவைத் தோலில் தைத்த உள்ளாடைகளும் இருந்தன, இறகு உடம்பை ஒட்டியிருக்கும்படி தைத்தவை. உடம்பின் எந்தப் பகுதிக்கு எந்தப் பறவையின் தோல் ஏற்றது என்று தேர்ந்தெடுத்து இணைத்திருந்தார்கள். சோதனையில் நுரையீரலில் விளக்குக் கரியும் படிந்திருந்தது.

அந்த விளக்குக்கு வருவோம். விறகு இல்லாத நாட்டில் அடுப்பு, கணப்பு, வெளிச்சம், தண்ணீர், துணி உலர்த்துதல் எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். பெயர் குல்லிக். கல்சட்டி செய்யும் அதே மாக்கல்லில் அரைவட்டமாகக் குடைந்த ஆழமில்லாத தட்டு. பெரியது ஒரு மீட்டர் நீளம்கூட இருக்கும். எண்ணெய் சீலின் கொழுப்பிலிருந்து வரும். உறைந்த கொழுப்பை முதலில் நன்றாக அடித்து நசுக்க வேண்டும், அப்போதுதான் உருகும்போது எண்ணெய் முழுவதும் கசியும். திரிக்கு உலர்ந்த பாசியையோ பருத்திப்புல்லின் பஞ்சையோ விரலால் கசக்கித் தூளாக்கி, தட்டின் நேரான ஓரம் நெடுக மெல்லிய வரியாக வைப்பார்கள். ஒரு முனையில் பற்றவைத்துத் தூண்டுகோலால் மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டே போனால் ஓரம் முழுவதும் தாழ்ந்த, சமமான சுடர் வரிசை எரியும். கொழுப்புத் துண்டை அருகில் தொங்கவிட்டால் சுடரின் சூட்டில் அதுவே சொட்டுச் சொட்டாக உருகித் தட்டை நிரப்பும்.

கெடுவது இரண்டு வழியில். திரி உயர்ந்தால் புகை, கரி; தாழ்ந்தால் எண்ணெயில் மூழ்கி அணையும். நடுவில் வைத்திருக்க ஓயாமல் கவனிக்க வேண்டும். அடைத்த அறையில் வருடக்கணக்காக எரிந்தால் நன்றாகப் பார்த்துக்கொண்ட விளக்கும் நுரையீரலில் தடம் விடத்தான் செய்யும். விளக்கின் மேலே மாக்கல் பானை தொங்கும், அதற்கும் மேலே காலணியும் கையுறையும் காயும் சட்டம். தண்ணீருக்குப் பனியை உருக்கியாக வேண்டும், பனியை அப்படியே தின்றால் உடம்பின் சூடு வீணாகும். ஆகவே சீல் கிடைக்காத வாரம் என்றால் அது பசியோடு முடிவதில்லை. எண்ணெய் இல்லை, எண்ணெய் இல்லாததால் குடிநீர் இல்லை, உடை காயாது, மறுநாள் வேட்டைக்குப் போக முடியாது. பஞ்சம் அங்கே இப்படித்தான் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும்.

வீடு என்றதும் எல்லோரும் பனிக்கட்டி வீட்டைத்தான் நினைக்கிறார்கள். துலே மக்களின் நிலையான குளிர்கால வீடு தரையைத் தோண்டி, கல், புல்மண், திமிங்கல எலும்பு கொண்டு கட்டியது. தாடை எலும்பும் விலா எலும்பும்தான் உத்தரம். அவற்றின் மேல் தோல், அதன் மேல் கனமாகப் புல்மண். இந்த வீட்டின் சூட்சுமம் நுழைவழியில் இருக்கிறது. தவழ்ந்து போகும் உயரமுள்ள நீண்ட சுரங்கவழி, அறையின் தரையைவிடத் தாழ்வாக இருக்கும். குளிர்காற்று கனமானது, அது சுரங்கத்திலேயே தங்கிவிடும். அறையில் படுக்கை மேடை தரையைவிட இன்னும் உயரம். சூடான காற்று அங்கே சேரும். கதவே இல்லாவிட்டாலும் குளிர் ஏறி வராது.

இக்லூ என்று நாம் சொல்லும் பனிவீடு, பயணத்திலும், குறிப்பாக நடுக் கனடாவில் கடல்பனிமேல் வாழும் மாதங்களிலும் கட்டியது. புதிதாக விழுந்த பனி உதிரும், பல படலமாகப் படிந்த பனி வெட்டும்போது பிளக்கும். ஒரே புயலில் காற்று அடித்து இறுக்கிய பனித்திட்டு வேண்டும். மெல்லிய கோலைக் குத்திப் பார்த்து, தங்குதடையில்லாமல் ஒரே சீராக இறங்கினால் அதுதான் சரியான பனி. எலும்பு அல்லது தந்தக் கத்தியால் சுமார் 60 முதல் 90 செ.மீ. நீளம், 15 முதல் 20 செ.மீ. கனம் கொண்ட கட்டிகள் வெட்டுவார்கள். கட்டுபவர் உள்ளே நின்றபடி கட்டுவார். முதல் வட்டத்தை அடுக்கியதும் அதன் சில கட்டிகளைச் சரிவாகச் சீவிவிடுவார். அந்தச் சரிவிலிருந்து ஏறுமுகமாகச் சுருள் தொடங்கும். சுருள் என்பதால் ஒவ்வொரு கட்டிக்கும் முந்தைய கட்டி பக்கத்தாங்கலாகிறது, சாரம் தேவையில்லை. ஒவ்வொன்றும் உட்பக்கம் சாய வேண்டும். சாய்வு போதாமல் போனால் மேலே மூடவே முடியாது. விரிசல்களில் வெளியிலிருந்து தூள்பனி அப்பி, உச்சியில் காற்றுத் துளை விட வேண்டும். அந்தத் துளை அடைபட்டால் விளக்கின் நச்சுப்புகையால் உயிர் போகும்.

விளக்கு எரிந்ததும் உட்சுவர் லேசாக உருகிப் பிறகு உறைந்து வழுவழுப்பாகும், வீடு உறுதிப்படும். இது அளவோடு நடந்தால் நல்லது. நாளாக ஆகப் பனி முழுவதும் கெட்டிப் பனிக்கட்டியாக மாறினால் அதற்குள் இருந்த காற்று போய்விடும், வீடு குளிரும். அப்போது புது வீடு கட்ட வேண்டியதுதான். நீண்ட நாள் தங்கும் வீட்டில் உட்புறம் தோல் விரிப்புகளைக் கயிற்றில் தொங்கவிட்டு, சுவருக்கும் தோலுக்கும் நடுவே குளிர்காற்று இடைவெளி விடுவார்கள். அறையில் சூட்டைக் கூட்டினாலும் சுவர் சொட்டாது.

வேட்டைக்கருவிகளில் முக்கியமானது தலை கழலும் ஈட்டி. தந்தத்தில் செதுக்கிய ஈட்டித்தலை தோலைத் துளைத்து உள்ளே போனதும் தண்டிலிருந்து கழன்றுவிடும். கயிற்றை இழுத்ததும் தோலுக்கு அடியில் குறுக்காகத் திரும்பிப் பொத்தானைப்போல் மாட்டிக்கொள்ளும். சாதாரண முள் ஈட்டி கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும், இது வராது. திமிங்கல வேட்டைக்கு உமியாக் என்ற திறந்த தோல்படகில் குழுவாகப் போவார்கள். கயிற்றின் மறுமுனையில் காற்று ஊதிய முழுச் சீல்தோல் மிதவைகள். அவற்றை இழுத்துக்கொண்டு முங்க முடியாமல் திமிங்கலம் களைத்துவிடும். 15 மீட்டர் நீளமான ஒரு போஹெட் திமிங்கலம் ஒரு குடியிருப்புக்கே குளிர்காலம் முழுவதும் உணவும் எண்ணெயும் கூரைக்கு எலும்பும் தரும்.

கடல் உறைந்த பிறகு நடப்பது வேறு வேட்டை. வளையச் சீல் மூச்சுவிடுவதற்காகப் பனியில் பல துளைகளை நகத்தால் சுரண்டித் திறந்து வைத்திருக்கும். மேலே பனி மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது, நாய் மோப்பம் பிடித்துக் காட்டும். வேடன் துளைக்குள் மெல்லிய எலும்புக் குச்சி ஒன்றை இறக்கிவிட்டு, காலடிச் சத்தம் கேட்காதபடி தோல்துண்டின் மேல் ஆடாமல் நிற்பான். சீல் வந்தால் குச்சி அசையும். அந்த நொடியில் நேர்கீழாகக் குத்த வேண்டும். ஒரு சீலுக்குப் பல துளைகள் இருப்பதால் அது இந்தத் துளைக்கு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஆளுக்கொரு துளையில் பலர் நின்றால்தான் யாராவது ஒருவருக்கு அகப்படும். கிடைத்த சீலை இன்ன பாகம் இன்னாருக்கு என்று முறை வைத்துப் பங்கிட்டதற்கு இந்தக் கணக்கே அடிப்படை.

காய்கறி இல்லாமல் ஸ்கர்வி நோய் வராமல் இருந்தது எப்படி என்று அடிக்கடி கேட்கிறார்கள். திமிங்கலத் தோலிலும் சீல் ஈரலிலும் வைட்டமின் சி போதிய அளவு இருக்கிறது. நார்வால் திமிங்கலத்தின் பச்சைத் தோலில் 100 கிராமுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல். கொதிக்கவைத்தால் அது அழியும், பச்சையாகவோ உறைந்தபடியோ தின்றால் கிடைக்கும். கொழுப்பை ஒதுக்கிவிட்டு வெறும் இறைச்சியை மட்டும் தின்றால் வயிறு நிறைந்தும் உடல் நலியும், ஏனென்றால் கல்லீரல் ஓர் அளவுக்கு மேல் புரதத்தைக் கையாளாது. பனிக்கரடி ஈரலைத் தொடமாட்டார்கள். அதில் வைட்டமின் ஏ நஞ்சாகும் அளவுக்கு இருக்கிறது.

சறுக்குவண்டியைப் பற்றி ஒரு சிறு குறிப்பு போதும். ஆணி இல்லாமல் தோல்வாரால் கட்டியிருப்பதால் மேடுபள்ளத்தில் வளைந்து கொடுக்கும். அடிக்கட்டைக்குக் கீழே ஈரப் புல்மண்ணை அப்பி உறையவிட்டு, வழவழப்பாகச் சீவி, வாயிலிருந்து தண்ணீர் உமிழ்ந்து தேய்த்து மெல்லிய பனிக்கட்டிப் பூச்சு ஏற்றுவார்கள். கரை ஒதுங்கிய மரமும் கிடைக்காத கனடாவின் நெட்சிலிக் இனுயிட் பகுதியில், மீன்களை வரிசையாக ஈரத் தோலில் சுருட்டி உறையவைத்து அடிக்கட்டையாகவே பயன்படுத்தியிருக்கிறார்கள். வசந்தம் வந்ததும் அந்த மீன் உணவாகும்.

இவ்வளவும் ஆட்களின் கையிலும் நினைவிலும் மட்டுமே இருந்த அறிவு என்பதால் அது தொலையவும் செய்தது. வடமேற்கு கிரீன்லாந்தில் வாழும் இனுக்குயிட் என்ற இனுயிட் பிரிவினர், கடுங்குளிர் நிலவிய நூற்றாண்டுகளில் மற்றவர்களிடமிருந்து துண்டிக்கப்பட்டார்கள். 1818-இல் ஜான் ராஸ் என்ற ஸ்காட்லாந்துக் கப்பல் தலைவர் அவர்களைச் சந்தித்தபோது அவர்களிடம் கயாக் இல்லை. வில்லும் அம்பும் இல்லாததால் கரிபூ வேட்டையும் இல்லை. ஆனால் கேப் யார்க் பகுதியில் விழுந்த விண்கல்லின் இரும்பைச் சூடேற்றாமலே தட்டிக் கத்திக்கு விளிம்பு வைத்திருந்தார்கள். கயாக்குக்கும் வில்லுக்கும் வேண்டிய மரம் கிடைப்பது அரிது. அவற்றைச் செய்யத் தெரிந்த முதியவர்களை ஒரு கொள்ளைநோய் கொண்டுபோனதாகவும் அவர்களிடையே செய்தி உண்டு. 1860-களில் கித்லார்சுவாக் என்ற ஷாமன் (ஆவிகளோடு பேசுவதாக நம்பப்பட்ட பூசாரி) பாஃபின் தீவிலிருந்து ஒரு சிறு கூட்டத்தை அழைத்துக்கொண்டு பல ஆண்டுகள் பயணம் செய்து அங்கே வந்துசேர்ந்தார். வந்தவர்கள் கயாக் கட்டவும், வில் செய்யவும், மீன்குத்தும் முள்ளீட்டி செய்யவும், பனிவீட்டுக்குத் தாழ்ந்த சுரங்கவழி வைக்கவும் சொல்லிக்கொடுத்தார்கள். இனுக்குயிட் மக்கள் கயாக்கில் கடலுக்குப் போகவும் கரிபூ வேட்டையாடவும் மறுபடி தொடங்கியது அதற்குப் பிறகுதான்.